பச்சிரிசு என்ன வேலை பார்க்கும்?

ஸ்லாக்கிங் என்றொரு போக்கிமான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து சோபாவில் சாய்ந்துவிட்ட பெரியப்பா மாதிரி ஒருக்களித்துப் படுத்திருக்கும் பெரிய குரங்கு. ஆனால் அதன் எண்களைப் பார்த்தால் மரியாதை வந்துவிடும். ஒவ்வொரு போக்கிமானுக்கும் உயிர், தாக்குதல், தற்காப்பு, சிறப்புத் தாக்குதல், சிறப்புத் தற்காப்பு, வேகம் என்று ஆறு அடிப்படைப் புள்ளிகள் இருக்கின்றன. ஸ்லாக்கிங்கின் ஆறையும் கூட்டினால் 670 வரும். கடலையே விரித்ததாகக் கதை சொல்லப்படும் கையோகருக்கும் அதே 670தான்.

அப்புறம் ஏன் எல்லாரும் ஸ்லாக்கிங்கை வைத்து ஆடுவதில்லை? அதன் பிறவிக் குணம் சோம்பல். ஒரு சுற்றில் அடிக்கும், அடுத்த சுற்றில் சும்மா கிடக்கும். விவரம் தெரிந்த எதிராளி அது அடிக்கும் சுற்றில் தடுப்பு போட்டுக்கொள்வார், அது படுக்கும் சுற்றில் அடிப்பார். 670-உம் வீண்.

பத்து வருடங்களுக்கு மேலாக இந்த விளையாட்டைப் போட்டியாக ஆடிவருகிறேன். இலக்கியம் வாசிக்கும் நண்பர்கள் சிலர், "இன்னுமா அதெல்லாம் ஆடுற?" என்று கேட்பார்கள். ஆடுகிறேன். ஓர் உயிர் எதற்குப் பயன்படும் என்ற கேள்வியை இவ்வளவு கறாராக, இத்தனை பேர், இத்தனை ஆண்டுகளாகப் பேசிவரும் வேறு இடம் எனக்குத் தெரியாது. 1996-இல் ஜப்பானில் முதல் ஆட்டம் வந்தது. அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.

அந்த வாக்குவாதத்தில் அடிக்கடி இழுக்கப்படும் பெயர் பச்சிரிசு. வெள்ளை உடம்பில் நீலக் கோடு போட்ட மின்சார அணில். பெயரைச் சொன்னால் என் அம்மாவுக்குப் பச்சரிசிதான் காதில் விழும். 2006-இல் வெளிவந்த டயமண்ட், பேர்ல் ஆட்டங்களில் அறிமுகமானது. மொத்தப் புள்ளி 405. தாக்குதல் வெறும் 45. அழகாக இருக்கிறது என்று வளர்ப்பார்கள், அவ்வளவுதான்.

2014 ஆகஸ்டில் வாஷிங்டன் டி.சி.யில் நடந்த உலகப் போட்டியில் தென்கொரியாவின் பார்க் சே-ஜுன் இந்தப் பச்சிரிசுவைக் கொண்டுவந்து பட்டத்தை வென்றார்.

இந்தப் போட்டியில் அணிக்கு ஆறு போக்கிமான்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதில் நான்கைத் தேர்ந்தெடுத்து, களத்தில் இரண்டிரண்டாக இறக்க வேண்டும். எதுவும் தனியாக நிற்பதில்லை, பக்கத்தில் துணைக்கு ஒன்று உண்டு. பார்க்கின் அணியில் ஜியாரடோஸ் இருந்தது. நீரும் பறத்தலும் கலந்த வகை என்பதால் மின்தாக்குதல் பட்டால் அதற்கு நான்கு மடங்கு வலிக்கும். எதிரில் மின்சாரம் வைத்திருப்பவர் முதலில் அதைத்தான் குறிவைப்பார். அந்த நேரத்தில் பச்சிரிசு 'ஃபாலோ மீ' என்ற வித்தையைப் போடும். பக்கத்தில் நிற்பவரைக் குறிவைத்து வரும் அடி இதன் மேல் திரும்பிவிடும். வருவது மின்சாரம் என்றால் 'வோல்ட் அப்சார்ப்' என்ற இதன் இயல்பு அதை விழுங்கிவிடும். காயம் படாது, உயிரில் கால் பங்கு ஏறவும் செய்யும்.

சரி, தாக்குதல் 45 ஆயிற்றே? அது கொண்டுவந்த அடிகள் அந்த 45-ஐ நம்பி வந்தவை அல்ல. 'சூப்பர் ஃபேங்' எதிராளியின் மிச்ச உயிரில் பாதியைக் கடித்து எடுத்துவிடும். கடிப்பது பலசாலியா நோஞ்சானா என்ற கேள்வி அதில் எழாது. 'நஸில்' லேசாக உரசும், உரசியதும் எதிராளிக்குக் கைகால் மரத்து வேகம் படுத்துவிடும்.

பச்சிரிசு பலசாலி என்று பார்க் எதையும் நிரூபிக்கவில்லை. தன் அணியில் எங்கே ஓட்டை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த ஓட்டைக்கு அளவெடுத்த மாதிரி எது பொருந்தும் என்று பார்த்தார். அடுத்த வாரம் எங்கள் நண்பர் கூட்டத்தில் ஆளுக்கொரு பச்சிரிசு. ஒருத்தன் அணியில் அது காப்பாற்ற வேண்டிய ஜியாரடோஸும் இல்லை, அதன் இடத்தில் வேறொன்றும் இல்லை. "டேய், இது யாரைடா காப்பாத்தப் போகுது?" என்று கேட்டால், "வேர்ல்ட் சாம்பியன் லா" என்றான்.

தமிழில் பயன் என்று ஒரு சொல், பயன்பாடு என்று ஒரு சொல். நாம் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு எழுதுகிறோம். இந்த விளையாட்டில் அப்படிப் போட முடியாது.

2004-இல் தொடங்கிய ஸ்மோகன் என்ற ஆட்டக்காரர் குழு போக்கிமான்களை அடுக்கு அடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறது. மேலடுக்கின் பெயர் ஓயூ, அதிகம் பயன்படுத்தப்படுபவை. அதன் கீழே யூயூ, ஆர்யூ, என்யூ, பியூ. மேலடுக்கில் இருக்க 4.52 விழுக்காடு பயன்பாடு வேண்டும். எங்கிருந்து வந்தது இந்த விசித்திரமான எண்? 15 ஆட்டங்கள் ஆடினால் ஒரு தடவையாவது அந்தப் போக்கிமான் எதிரில் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்க வேண்டும் என்ற கணக்கு அது. இது பயன்பாட்டின் எண். எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று சொல்லும். எதற்கு உதவும் என்று சொல்லாது. அதனால் அதே குழுவில் எஸ், ஏ, பி, சி என்று இன்னொரு பட்டியலும் ஓடும். அது ஆட்டக்காரர்கள் வாதாடிப் போடும் பட்டியல். கீழடுக்கில் கிடப்பதை ஒருத்தர் மேலே தூக்குவார், இன்னொருத்தர் "எந்த வேலைக்கு? அதே வேலையை இன்னொண்ணு இதைவிட நல்லா செய்யுதே?" என்று கேட்பார். எனக்கு அந்தப் பட்டியலைவிட அந்தச் சண்டைதான் பிடிக்கும்.

அடுக்குகளும் நிலையாக நிற்பதில்லை. சாரிசார்டை எல்லாருக்கும் தெரியும், நெருப்பு கக்கும் சிறகு முளைத்த பல்லி. மொத்தம் 534. 2006-இல் 'ஸ்டெல்த் ராக்' வந்தது. எதிராளியின் தரையைச் சுற்றிக் கூர்மையான கற்களை மிதக்கவிடும் வித்தை. களத்தில் கால் வைக்கும் ஒவ்வொரு தடவையும் சாரிசார்டின் உயிரில் பாதி போய்விடும். 534 அப்படியேதான் இருந்தது. தரை மாறிவிட்டது. 2019-இல் கற்கள் குத்தாத கனமான பூட்ஸ் ஒன்றை ஆட்டத்தில் சேர்த்தார்கள். அதை மாட்டிக்கொண்டு சாரிசார்ட் உள்ளே வந்து நின்றது. நீரில் நிற்கும் முதலைக்கும் கரையேறிய முதலைக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லத்தான் வள்ளுவர் இடனறிதல் என்று தனி அதிகாரம் வைத்தாரோ என்று தோன்றும்.

இதெல்லாம் பேசும்போது எனக்கு என் அக்காவின் முகம் வரும்.

2014-இல் நான் தேசிய சேவையில் இருந்தேன். வார இறுதியில் உட்லண்ட்ஸ் வீட்டுக்கு வந்தால் முட்டை பொரிக்க உட்கார்ந்துவிடுவேன். சமையல்கட்டு முட்டை இல்லை, போக்கிமான் முட்டை. ஒவ்வொரு குஞ்சும் பிறக்கும்போதே ஆறு புள்ளிகளிலும் 0 முதல் 31 வரை ஏதோ ஓர் எண்ணோடு பிறக்கும். வேகத்தில் 31 என்றால் முத்து. 30 என்றால் 50-ஆம் லெவலில் ஒரே ஒரு புள்ளி குறையும். அந்த ஒரு புள்ளியில் எதிராளி முந்திக்கொள்வார். பெட்டிக்கு 30 இடம். பெட்டி நிறைந்ததும் ஒன்றை வைத்துக்கொண்டு 29-ஐ விடுவித்துவிடுவேன். எல்லாரும் அப்படித்தான் ஆடினோம்.

அக்கா இரவு வேலை முடிந்து வந்து, இரண்டு வயது மகனை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"இதெல்லாம் எங்கடா போகுது?"

"காட்டுக்குப் போயிடும்க்கா."

"என்ன கொறை அதுக்கு?"

"வேகத்துல ஒண்ணு கம்மி."

"பொறந்து ரெண்டு நிமிஷம்கூட ஆகலையேடா" என்று சொல்லிவிட்டு மகனுக்குப் பால் கலக்க எழுந்து போய்விட்டாள்.

அக்காவை வகை பிரித்தது 1997-இல், பத்து வயதில். அப்போது தொடக்கநிலை நான்கின் முடிவில் பிள்ளைகளை இஎம்1, இஎம்2, இஎம்3 என்று பிரிப்பார்கள். அக்காவுக்கு வந்தது மூன்று. அந்த மூன்றை எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகச் சொன்னதில்லை. விருந்தாளிகள் வந்தால் அம்மா அவளை டீ போட அனுப்பிவிடுவார். அந்தப் பிரிவில் தாய்மொழியை அடிப்படை அளவில் மட்டும் படித்தால் போதும். அதனால் அக்காவுக்கு இன்றைக்கும் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். இந்தக் கட்டுரையை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் தாதிமை படித்து, இத்தனை வருடமாக வார்டில் வேலை செய்கிறாள்.

30 என்பது பொய்யான எண் கிடையாது. அக்காவின் மதிப்பெண்ணும் பொய்யாக இருந்திருக்காது. அந்த எண் எந்தக் கேள்விக்கான பதில் என்பதை மட்டும் அவளிடம் யாரும் சொல்லவில்லை. போக்கிமானில் 'ட்ரிக் ரூம்' என்ற வித்தை இருக்கிறது. அதைப் போட்டால் ஐந்து சுற்றுகளுக்கு மெதுவானதுதான் முதலில் அடிக்கும். டார்கோல் என்ற ஆமையின் வேகம் 20. அது களத்துக்கு வந்தாலே வெயில் கொளுத்தும், அந்த வெயிலில் அது கக்கும் எரிமலை எதிரே இருவரையும் சேர்த்துப் பொசுக்கும். அதை வைத்து ஆடுபவர்களுக்கு வேகத்தில் 31 வேண்டாம், 0 வேண்டும். நான் விடுவிக்கும் 0-வுக்காக இன்னொருவர் ராத்திரி முழுக்கக் கண்விழித்து முட்டை பொரித்துக்கொண்டிருப்பார்.

2016-இல் வந்த சன், மூன் ஆட்டங்களில் பிறப்பில் குறைந்ததைப் பயிற்சியால் சரிக்கட்ட வழி செய்தார்கள். 100-ஆம் லெவல் வரை வளர்த்துக் காட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனை. வளர்க்கப் பொறுமை இருப்பவருக்கு 30 ஒரு குறையே இல்லை என்றானது. சிங்கப்பூரிலும் 2008-இல் இஎம்3 போனது. 2024-இல் உயர்நிலை ஒன்றுக்கு வந்த பிள்ளைகளுக்கு விரைவு, வழக்கம் என்ற பழைய பெயர்கள் இல்லை. பாடவாரியாக ஜி1, ஜி2, ஜி3. ஒரே பிள்ளை கணக்கை ஒரு நிலையிலும் ஆங்கிலத்தை இன்னொரு நிலையிலும் படிக்கலாம்.

இங்கே நிறுத்தி, 'எல்லாருக்குள்ளும் ஒரு திறமை ஒளிந்திருக்கிறது' என்று முடித்தால் கைதட்டு விழும். போட்டி ஆடியவர்களால் அப்படி முடிக்க முடியாது. அன்ஓன் என்றொரு போக்கிமான், ஆங்கில எழுத்துகளின் வடிவத்தில் இருக்கும். 26 எழுத்து, ஒரு வினாக்குறி, ஓர் ஆச்சரியக்குறி, ஆக 28 வடிவம். மொத்தப் புள்ளி 336. அதற்குத் தெரிந்த அடி ஒன்றே ஒன்று. எந்த அணியில், யார் பக்கத்தில் நிறுத்தினாலும் அது செய்வதை வேறொன்று அதைவிட நன்றாகச் செய்யும். போட்டியில் அன்ஓனுக்கு வேலை இல்லை. இதை மென்று முழுங்காமல் சொல்ல வேண்டும். எனக்கு அன்ஓனைப் பிடிக்கும் என்பதையும் அதே மூச்சில் சொல்லலாம். நம் 247 எழுத்துக்கும் வடிவம் எடுத்திருந்தால் இன்னும் பிடித்திருக்கும். பிடித்திருப்பதற்கும் பயனுக்கும் தனித்தனிக் கணக்கு. வேலைக்கு ஆகாது என்பதற்காக விடுவித்துவிட வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை.

இன்னொன்று. களத்தில் ஒரு போக்கிமானின் வேலையைத் தீர்மானிப்பவர் ஆட்டக்காரர். பச்சிரிசுவிடம் பார்க் சம்மதம் கேட்கவில்லை. பிள்ளைகள் விஷயத்தில் இந்த உவமை இங்கே அறுந்துவிடுகிறது. அணியில் இடம் கேட்காமலே வாழப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு.

அன்று மடியில் இருந்த மருமகன் இப்போது உயர்நிலைப் பள்ளியில். அவனும் ஆடுகிறான். போன மாதம் ஓடிவந்தான். "மாமா, ஸ்லாக்கிங் 670! எடுக்கவா?"

"பக்கத்துல யாரு நிப்பா?"

யோசித்தான். இரண்டு நாள் கழித்து வீசிங்கோடு வந்தான். வீசிங் ஒரு புகைமூட்டம். 2019 முதல் அதன் வாயு களத்தில் நிற்பவர்களின் பிறவி இயல்புகளை முடக்கிவிடும். சோம்பலும் அதில் அடங்கும். வீசிங் நிற்கும்வரை ஸ்லாக்கிங் ஒவ்வொரு சுற்றிலும் அடிக்கும். வீசிங் விழுந்தால் மறுபடி படுத்துவிடும். "அப்ப வீசிங்கை யாரு பாத்துக்குவா?" என்றேன். முனகிக்கொண்டே திரும்பிப் போனான். அணி அப்படித்தான் கட்டப்படும்.

அவன் தொடக்கநிலைத் தேர்வு முடிவு வந்த அடுத்த பொங்கலுக்கு உறவினர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். இலையில் உட்கார்ந்ததும் அக்காவிடம் கேட்டார். "பையன் என்ன ஸ்கோர்மா?"

"எதுக்குக் கேக்குறீங்க மாமா?"

"சும்மா, தெரிஞ்சிக்கத்தான்."

அக்கா கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். "மேல என்ன படிக்கலாம்னு ஏதாச்சும் வழி சொல்றதா இருந்தா சொல்றேன். சும்மான்னா, சர்க்கரைப் பொங்கல் இன்னும் கொஞ்சம் வச்சிக்குங்க."