செனட்டர் என்றொரு மரம்

காட்டுத்தீயின் வரலாறு குறித்து டேராடூனில் தங்கி ஆய்வு செய்துவருகிறேன். ஆய்வேட்டின் இரண்டாம் இயலை ஒரு மரத்தின் சாவோடு தொடங்கியிருந்தேன்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், லாங்வுட் நகரை அடுத்த பிக் ட்ரீ பூங்காவில் நின்ற சைப்ரஸ் மரம் அது. வயது ஏறத்தாழ 3,500 ஆண்டுகள் என மதிப்பிட்டிருந்தனர். 1925ஆம் ஆண்டுச் சூறாவளியில் உச்சி முறிந்த பின்னரும் அதன் உயரம் 118 அடி. நிலத்தைக் கொடையளித்த மாநில செனட்டர் ஓவர்ஸ்ட்ரீட்டின் நினைவாக அதனைச் 'செனட்டர்' என்றே அழைத்தனர். 2012 ஜனவரி 16 அன்று, அதன் பொந்துக்குள் போதைப்பொருள் பயன்படுத்திய ஒருவர் வெளிச்சத்துக்காக மூட்டிய தீ, மரத்தை உள்ளிருந்தே எரித்து வீழ்த்தியது.

தீயே வனத்தின் முதற்பகை என்று அவ்வியலை முடித்திருந்தேன். படித்த என் நெறியாளர் ஓரத்தில் ஒரே வரி எழுதினார்: "பெயரில்லாத மரங்கள் எதனால் செத்தன?"

விடை காண ஆறு மாதங்களாயின. அதுவும் அதே மாநிலத்தில்தான் கிடைத்தது. புளோரிடாவின் அப்பலாச்சிகோலா தேசிய வனத்தில் வளரும் லாங்லீஃப் பைன், ஒருகாலத்தில் வர்ஜீனியா முதல் டெக்சாஸ் வரை சுமார் 9 கோடி ஏக்கரில் பரவியிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் எஞ்சியது ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர். கோடரியும் டர்பன்டைன் தொழிலும் வேளாண்மையும் அழித்தது போக, தீயைத் தடுத்ததும் அதனை அழித்தது. இதன் கன்று சில ஆண்டுகள் புற்குத்துப் போலவே தரையோடு இருந்து வேரை ஆழமாக இறக்கும். அடர்ந்த ஊசியிலைகள் குருத்தைத் தழலிலிருந்து காக்கும். தீ வராவிடில், அகன்ற இலை மரங்கள் மேலெழுந்து அதன் வெயிலைப் பறித்துவிடும்.

1935இல் அமெரிக்க வனத்துறை, எந்தத் தீயையும் மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்க வேண்டுமென விதித்தது. இன்று அதே துறை, அதே பைன் காடுகளுக்குச் சில ஆண்டுகளுக்கொருமுறை தானே திட்டமிட்டுத் தீயிடுகிறது. நம் நாட்டிலும் ஆங்கிலேய வன அதிகாரிகள் வங்காள, அசாம் சால் காடுகளில் தீயைத் தடுத்து, கன்றுகள் எழாததைக் கண்டு, பின்னர் தீயிடலுக்கே திரும்பினர். இந்த வரலாறு என் மேசையிலேயே கிடந்தது. நான்தான் பாராமல் இருந்தேன்.

காரணம் எளிது. ஒரு மரத்துக்குப் பெயரும் வயதும் குற்றவாளியும் இருந்தால் எழுதுவது சுலபம். கோடி ஏக்கர் மெல்ல மறைவதற்கு நாளும் இல்லை, நிழற்படமும் இல்லை. நல்லெண்ணத்தோடு பிறப்பிக்கப்பட்ட ஓர் ஆணைக்காக எவரைக் கைது செய்வது?

நாற்பது பக்கங்களை அழித்துவிட்டு மீண்டும் எழுதுகிறேன். ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாள் தள்ளிப்போகிறது. உதவித்தொகையோ வரும் மாதத்தோடு முடிகிறது. ஆயினும் வருத்தமில்லை.

செனட்டரின் கிளையிலிருந்து முன்பே ஒட்டுக்கட்டி வளர்த்த கன்று ஒன்றை 2013இல் அதே பூங்காவில் நட்டு, 'பீனிக்ஸ்' எனப் பெயரிட்டனர். அந்த மரத்தின் கதையை நான் நீக்கவில்லை. இயலின் இறுதிக்கு நகர்த்தியிருக்கிறேன். அதற்கு முன்னால் வாசகர் அந்தப் பெயரற்ற பைன்களைக் கடந்து வரவேண்டும்.