பிரித்து விற்ற சைக்கிள்

ஒக்கலிபுரத்தில் எங்கள் வீடு ரயில் பாதைக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கிறது. மாடிப்படிக்குக் கீழே நான்கு வருடமாக ஒரு மவுண்டன் பைக் தூசி படிந்து நின்றது. 2016இல் மகன் கல்லூரிக்குப் போக 13,500 ரூபாய் கொடுத்து வாங்கியது. வேலை கிடைத்து அவன் புனேவுக்குப் போய்விட்டான். "யாருக்காவது வித்துடுங்கப்பா" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தான்.

மல்லேஸ்வரத்தில் ஒரு கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கடைக்காரர் ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "3,500" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. வீட்டுக்குத் திரும்பி, காகிதத்தில் கணக்குப் போட்டேன். முன்பக்க சஸ்பென்ஷன் போர்க் 1,200. கியர் செட் 1,400. டயரோடு இரண்டு சக்கரங்கள் 1,900. பிரேக் 600. சீட், ஹேண்டில்பார், பெடல் எல்லாம் சேர்த்து 600. வெறும் பிரேம் 500. மொத்தம் 6,200 ரூபாய். முழுசாக விற்பவன் ஏமாளி என்று அன்றைக்குத் தீர்மானமாக நம்பினேன்.

அப்படி நம்பியதற்குக் காரணம் என் அப்பா. மில் தொழிலாளியான அவரிடம் ஒரு ஹெர்குலிஸ் இருந்தது. 1949இல் தொடங்கிய சென்னை டி.ஐ. சைக்கிள்ஸின் வண்டி. அதில் எது உடைந்தாலும் தெருமுனைக் கடையில் வேறொன்று கிடைக்கும். ஒரு கம்பெனி வண்டியின் பெடல் இன்னொரு கம்பெனி வண்டிக்கும் சேரும். ஸ்ரீராமபுரத்தில் யாருடைய சைக்கிளிலும் வேறு நான்கு சைக்கிள்களின் பாகங்கள் இருக்கும். சைக்கிள் என்றாலே அப்படித்தான் என்று நினைத்து வளர்ந்தவன் நான்.

மவுண்டன் பைக்கும் துண்டு துண்டாகச் சேர்ந்து பிறந்ததுதான். 1970களில் கலிபோர்னியாவின் மரின் மாவட்டத்தில் சில இளைஞர்கள் பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து, மோட்டார் சைக்கிள் பிரேக் லீவர்களையும் கியர்களையும் மாட்டி மலைச்சரிவில் ஓட்டினார்கள். 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் இதற்கென்றே தனியாகப் பிரேம் செய்தார். அதன்பின் தொழில் வளர வளர, அளவுகளும் பெருகின. ஒன்றுக்கொன்று சேராத அளவுகள்.

இது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. முதல் நாளே இடது பெடல் கழல மறுத்தது. பக்கத்து ஒர்க்ஷாப் பையன் வந்து, "சார், இடது பக்கம் மரை தலைகீழ். எதிர்ப்பக்கமா திருப்பணும்" என்றான். கிராங்கைக் கழற்ற தனியாக ஒரு கருவி வேண்டும் என்றான். அதற்கு 350 ரூபாய் ஆயிற்று.

போர்க்கைப் பார்க்க வந்தவர் டேப் எடுத்து அளந்தார். பிரேமுக்குள் நுழையும் அதன் தண்டை என் பிரேமின் உயரத்துக்கு வெட்டியிருக்கிறார்கள். உயரமான பிரேமுக்கு எட்டாது. தவிர, இது 26 அங்குலச் சக்கரத்துக்கானது. புது வண்டிகளில் 27.5, 29 அங்குலச் சக்கரங்கள்தான் அதிகம். 900 ரூபாய்க்கு மேல் தர மாட்டேன் என்றார். கியரிலும் இதே கதை. ஏழு பல்சக்கரத்துக்கான லீவர் எட்டு பல்சக்கர வண்டிக்கு உதவாது. எல்லாவற்றையும் செட்டாகக் கொடுத்ததில் 1,100 கிடைத்தது. முதல் வாரத்தில் மொத்தம் 2,000. கணக்கு சரியாகத்தான் போகிறது என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பி.வி.கே. ஐயங்கார் சாலை சண்டே பஜாருக்குச் சக்கரங்களைக் கொண்டுபோனேன். வாங்க வந்தவர் சக்கரத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "பிரேம் எங்கே? பில் இருக்கா?" என்றார். திருட்டு சைக்கிளைத்தான் இப்படிப் பிரித்துக் கொண்டுவருவார்கள். வண்டியின் நம்பர் பிரேமில் மட்டும்தானே இருக்கிறது. அறுபது வயதில் நடுத்தெருவில் என் சொந்தச் சக்கரங்களுக்காகச் சாட்சி சொல்ல வேண்டியதாயிற்று. சக்கரத்தையும் பிரேக்கையும் சேர்த்து 1,000 ரூபாய்க்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டேன். பில்லை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அந்த வாரம்தான் இரண்டு சந்து தள்ளியிருக்கும் ஓர் அம்மா வந்தார். "அண்ணா, உங்க வீட்டுல சைக்கிள் இருக்குதுன்னு சொன்னாங்க. பையனுக்கு பீன்யாவுல வேலை கிடைச்சிருக்கு. ராத்திரி ஷிப்ட் முடிஞ்சா பஸ் இல்லை. நாலாயிரம் தரேன், ரெண்டு தவணையா."

படிக்குக் கீழே காட்டினேன். சுவரில் சாய்ந்திருந்தது வெறும் பிரேம். பக்கத்தில் இரண்டு சக்கரங்கள். போர்க் இல்லை, கியர் இல்லை. அவற்றைத் திரும்ப வாங்கிப் பொருத்த என்ன ஆகும் என்று விசாரித்தேன். அந்த அம்மா சொன்ன விலையைத் தாண்டியது. "நல்லா இருந்த வண்டியை ஏன்ணா பிரிச்சீங்க?" என்று கேட்டார். திட்டுவது போல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். என்னிடம் இருந்த ஒரே பதில் 6,200 என்று எழுதிய காகிதம். அதைக் காட்டவில்லை.

சக்கரங்கள் சொன்னபடி போயின. மிச்சத்தை யாரும் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஜாலி மொஹல்லா குஜரி கடையில் போட்டேன். ஏழு கிலோ, கிலோ 28 ரூபாய், 196. இரும்பு இல்லாததால் சீட்டை மட்டும் கழற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டார். மொத்த வரவு 3,196. கருவி வாங்கிய செலவு போக 2,846. மல்லேஸ்வரம் கடைக்காரர் சொன்னதைவிட 654 ரூபாய் குறைவு.

பிரித்து விற்பது எப்போதும் தவறு என்று சொல்லவில்லை. பிரேம் விரிசல் விட்டிருந்தால், அல்லது பாகங்கள் விலை உயர்ந்தவையாக, இன்றைய அளவில் இருந்தால் அதுதான் சரி. ஆனால் காகிதத்தில் கூட்டும்போது எல்லாப் பாகமும் விற்றுவிடுகிறது. சந்தையில் நல்லவை முதலில் போகின்றன, மற்றவை நம்மிடமே தங்குகின்றன. அதோடு, பிரித்த அன்றைக்கே, ஓட்டுவதற்கு வண்டி தேடும் ஆளுக்கு நம் வீட்டில் ஒன்றும் இல்லாமல் போய்விடுகிறது.

இனி எதை விற்பதானாலும் முழுசாக ஒரு மாதம் வைத்திருப்பேன். ஸ்பேனர் எங்கும் ஓடிவிடாது.