ஆற்றில் போட்ட டோரா, போனில் கிடைத்தாள்! - பீங்கான் ஊர் விருத்தாசலத்தில் ஒரு மதியம்

'ஆத்துல போட்டுட்டு குளத்துல தேடுற மாதிரி' என்று யாரையாவது கிண்டல் செய்திருப்பீர்கள். அந்த ஆறு விருத்தாசலத்தில்தான் ஓடுகிறது. மணிமுத்தாறு. குளம், சாலை வழியில் நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, திருவாரூரில் இருக்கிறது. கமலாலயம்.

சுந்தரருக்கு இந்த ஊர் பழமலைநாதர் 12,000 பொன் கொடுத்தாராம். 'இதைத் திருவாரூரில் ஊரறியத் தர வேண்டும்' என்று சுந்தரர் கேட்க, 'ஆற்றில் போடு, குளத்தில் எடுத்துக்கொள்' என்று பதில் வந்ததாம். சுந்தரர் விவரமானவர். மாதிரிக்கு ஒரு துண்டு பொன்னை, அதாவது 'மச்சம்' வெட்டிக் கையோடு வைத்துக்கொண்டார். திருவாரூர் குளத்தில் பொன் கிடைத்ததும் உரசிப் பார்த்தால், மச்சத்தைவிட மாற்று குறைவு! மறுபடியும் பாடித்தான் சரி செய்ய வேண்டியிருந்தது. கதையின் இந்தப் பாதியைப் பலரும் சொல்வதில்லை. தொலைத்தது கிடைப்பது ஒரு விஷயம். கிடைத்தது பழைய தரத்தில் இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

சென்னையிலிருந்து வந்து ஜங்ஷனில் இறங்கினால், சேலத்துக்கும் கடலூருக்கும் திருச்சிக்கும் பிரியும் தண்டவாளங்கள் கண்ணில் படும். ரயில் மாற மட்டும் இந்த ஊரில் இறங்கியவர்கள் நிறைய பேர். கொஞ்சம் நேரம் இருந்தால் கோயிலுக்குப் போகலாம். கோபுரம், பிராகாரம், கொடிமரம், தேர் என எதை எண்ணினாலும் ஐந்தில் முடியும். படி இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டிய ஆழத்துப் பிள்ளையாரிடம் குழந்தைகளுக்குத் தனிப் பிரியம். சுற்றுவட்டாரம் முழுக்க முந்திரி.

ஆனால் ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது மண். பக்கத்தில் நெய்வேலி. பழுப்பு நிலக்கரியை எடுக்க மேல்மண்ணைத் தோண்டும்போது, பீங்கானுக்கு ஏற்ற களிமண்ணும் சேர்ந்து வரும். அந்த மண்ணை நம்பி இங்கே ஒரு செராமிக் தொழிற்பேட்டை. பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ தரும் அரசுக் கல்வி நிலையமும் இருக்கிறது. வீட்டு மெயின் பாக்ஸில் இருக்கிற வெள்ளை ஃப்யூஸ் கேரியர், மின்கம்பத்து இன்சுலேட்டர், கார்த்திகைக்கு அகல் விளக்கு, கொலுவுக்குக் குட்டிக் குட்டி பொம்மைகள் எல்லாம் இந்த ஊர் வேலை.

பொம்மை செய்வதைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். களிமண்ணைக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, சுவரோரம் மண் படிந்து கெட்டியாகும். மிச்சக் கூழைக் கொட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அச்சைப் பிரித்து, பிசிறு நீக்கி, காய வைத்து மறுபடி காத்திருக்க வேண்டும். சூளையில் வெந்த பிறகும் அவசரம் கூடாது. சூடு ஆறாமல் வெளியே எடுத்தால் விரிசல் விடும். இந்த வேலைகளில் பெண்கள் நிறைய. காலையில் போனால் பொழுது சாயும்போதுதான் வீடு. அதுவரை பிள்ளைகள்?

இங்கேதான் டிவி வருகிறது. 2006 என்றால் ஊர்ப் பெரியவர்களுக்கு விஜயகாந்த்தான் ஞாபகம் வருவார். அவர் முதன்முதலாக எம்.எல்.ஏ. ஆனது இந்தத் தொகுதியில். அதே வருடம்தான் தமிழக அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்தது. 14 இன்ச். அடுத்த வருடம், 2007-ல் சுட்டி டிவி வந்தது. பள்ளிவிட்டு வந்து, ஜன்னல் இடுக்கில் இருக்கிற சாவியை எடுத்துக் கதவைத் திறக்கிற பிள்ளைகளுக்கு, வீட்டுக்குள் ஒரு ஏழு வயது சிநேகிதி கிடைத்தாள். நெற்றியில் வெட்டிய முடி, முதுகில் ஊதாப் பை, கூடவே சிவப்பு பூட்ஸ் போட்ட குரங்கு புஜ்ஜி.

டோரா அமெரிக்காவில் நிக்கலோடியன் சேனலில் 2000-ல் பிறந்தவள். அங்கே அவள் ஸ்பானிஷ் வார்த்தை சொல்லிக் கொடுத்தாள். 'டோராவின் பயணங்கள்' என்று தமிழுக்கு வந்தபோது அந்த இடத்தில் ஆங்கிலம். திருட வரும் குள்ளநரியைக்கூட அவள் அடித்ததில்லை. மூன்று முறை வேண்டாம் என்று சொன்னால் அதுவே போய்விடும். பெரியவர்களுக்கு இது சிரிப்பு. இன்றும் ஒட்டித் திரியும் இரண்டு நண்பர்களுக்கு 'டோரா புஜ்ஜி' என்றுதான் பட்டப்பெயர்.

அவளுடைய நிஜமான வித்தை வேறு. கேள்வி கேட்டுவிட்டு, திரைக்கு வெளியே பார்த்துக்கொண்டு சும்மா நிற்பாள். நீங்கள் பதில் சொல்லும்வரை காத்திருப்பதுபோல நிற்பாள். இதை முதலில் பிரபலமாக்கியது 1996-ல் தொடங்கிய 'ப்ளூஸ் க்ளூஸ்'. அதை நடத்திய ஸ்டீவ் பர்ன்ஸ் 2002-ல் விலகினார். நிகழ்ச்சியின் 25-ம் ஆண்டையொட்டி 2021-ல் அதே பச்சைக் கோடு போட்ட சட்டையில் ஒரு வீடியோவில் வந்தார். வேலை, குடும்பம், கடன் என்று வளர்ந்துவிட்ட அந்தப் பழைய குழந்தைகளிடம் நலம் விசாரித்தார். உங்களை மறக்கவில்லை என்றார். இரண்டு நிமிடச் சொச்சம்தான். உலகம் முழுக்க முப்பது வயதுக்காரர்கள் அழுதார்கள்.

விருத்தாசலத்திலும் அப்படி ஒருத்தி இருக்கிறாள். செராமிக் பேட்டையில் பொம்மைக்கு வண்ணம் தீட்டிய அம்மாவின் மகள். இப்போது சென்னையில் நைட் ஷிஃப்ட். போனில் வாடிக்கையாளர்களின் கோபத்தைக் கேட்பது வேலை. விடிந்து அறைக்கு வந்தாலும் காதுக்குள் அந்தச் சத்தம் நிற்பதில்லை. தூக்கம் போய் மாதக்கணக்காகிறது. ஒரு காலையில் போனைத் தள்ளிக்கொண்டே போனபோது டோரா வந்தாள். அவள் ஆற்றில் போட்டது, குளத்தில் கிடைத்துவிட்டது.

உரசியும் பார்த்தாள். மாற்று குறைவுதான். படம் மங்கல். பாலம், ஆறு, மலை என்று ஒவ்வொரு கதையிலும் மூன்று இடம் தாண்டுவதைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. ஆனால் டோரா கேள்வி கேட்டுவிட்டு நின்ற அந்த இடைவெளியில் மட்டும், அவள் கையில் வைத்திருந்த மச்சம் அப்படியே ஒத்துப்போனது. யாரும் கத்தவில்லை. யாரும் அவசரப்படுத்தவில்லை. தலையணையில் படுத்தபடி, மெதுவாகப் பதில் சொன்னாள். மூன்றாவது எபிசோடில் தூங்கிப்போனாள்.

நவராத்திரி லீவுக்கு ஊருக்கு வந்தவள், கூடத்தில் படுத்துக்கொண்டு அதையே போட்டாள். அம்மா கொலுப் படிக்குத் துணி விரித்துக்கொண்டிருந்தார். அந்தக் குரல் கேட்டதும் அவர் கை நின்றுவிட்டது.

அவருக்கு டோராவைப் பிடிக்காது. பார்த்ததே இல்லை, அப்புறம் எங்கே பிடிக்க? வேலையிலிருந்து வந்து கதவைத் தள்ளும்போது கடைசிப் பாட்டுச் சத்தம் மட்டும் கேட்கும். 'பொண்ண டிவிகிட்ட விட்டுட்டு வேலைக்குப் போறா' என்று அக்கம்பக்கத்தில் சொன்னது இன்னும் உள்ளே உறுத்துகிறது.

"அப்பல்லாம் தனியா இருக்க பயமா இருந்துச்சா பாப்பா?" என்றார், துணியின் சுருக்கத்தை நீவியபடி.

"இல்லம்மா. இவ பேசிட்டே இருப்பா. நானும் பதில் சொல்லிட்டே இருப்பேன். அதுக்குள்ள நீ வந்துருவ."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. போன வருடக் கொலுவிலிருந்த பீங்கான் செட்டியாரைத் துடைத்துப் படியில் வைத்தார். பக்கத்தில் செட்டிச்சி. அப்புறம் வந்து மகளின் தலைமாட்டில் உட்கார்ந்தார். போனில் டோரா எந்தப் பக்கம் போக வேண்டும் என்று கேட்டுவிட்டு, கண்ணை விரித்து நின்றுகொண்டிருந்தாள். மகள் வேண்டுமென்றே வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் பார்த்தார் அம்மா.

"அந்தாண்ட பாரு, பாலம் தெரியுதே" என்றார், டோராவிடம்.

முடிந்ததும் அடுத்ததைப் போடச் சொன்னதும் அவர்தான்.