ஏறும் பொறுமை

கடலின் அடியில் இறங்கி ஆராய்வோரைப் பற்றிப் படிக்குந்தோறும் என் உள்ளத்தைக் கவர்வது, அவர்கள் இறங்கும் துணிவன்று. மேலே ஏறிவரும் பொறுமையே ஆகும்.

தூத்துக்குடிக் கடலில் முற்காலத்து முத்துக் குளிப்போர் கல்லின் பளுவைத் துணையாகக் கொண்டு இறங்கினர். மூச்சை அடக்கிச் சிப்பிகளைத் திரட்டினர். படகிலிருப்போர் கயிற்றை இழுக்க, விரைந்து மேலே வந்தனர். ஒரு மூச்சளவே அவர்களுக்குக் கிடைத்த காலம். பவளப் பாறைகளை அளக்கவும் மீன்களை எண்ணவும் விரும்பும் அறிஞருக்கு அக்காலம் போதாது. 1943-இல் பிரெஞ்சு நாட்டினராகிய கூஸ்டோவும் காக்னானும் அமைத்த கருவி இக்குறையைத் தீர்த்தது. முதுகில் சுமக்கும் உருளையில் அடைத்த காற்றை, ஆழத்திற்கு ஏற்ற அழுத்தத்தில், மூச்சை இழுக்கும்போது மட்டும் அது வாய்க்குத் தருகிறது.

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்திற்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. அவ்வழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன், குருதியிலும் தசையிலும் கரைந்து தங்குகிறது. மூழ்கியவர் விரைந்து ஏறுவாராயின் என்ன நேரும்? சோடாப் புட்டியைத் திறந்தவுடன் குமிழிகள் பொங்குவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவ்வாறே உடலினுள்ளும் குமிழிகள் தோன்றும். மூட்டுகளில் கடுநோவு உண்டாகும். தண்டுவடம் தாக்குண்டால் கால்கள் செயலற்றுப் போகும். உயிருக்கும் கேடு நேரலாம்.

உருளைக் கருவி தோன்றுவதற்கு முன்பே, தலைக்கவசமும் காற்றுக் குழாயும் கொண்டு மூழ்கிய பிரிட்டிஷ் கடற்படையினரைக் காக்க ஹால்டேன் என்னும் அறிஞர் முயன்றார். அவர் வெள்ளாடுகளை அழுத்த அறையில் வைத்து ஆராய்ந்தார். இடையிடையே நின்று படிப்படியாக ஏறினால், நைட்ரஜன் மூச்சின் வழியே தீங்கின்றி வெளியேறும் என்பது புலனாயிற்று. அவரும் துணைவரும் அதற்குரிய அட்டவணைகளை 1908-இல் வெளியிட்டனர். அத்தகைய கணக்கை இன்று மணிக்கட்டில் கட்டிய சிறு கணிப்பொறி இடைவிடாது போட்டுக் காட்டுகிறது. ஆராய்ச்சியாளர் துணையோடு இறங்குகின்றனர். காற்று எஞ்சியிருக்கும்போதே திரும்புகின்றனர். ஏறக்குறைய 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் காத்து நிற்பதை வழக்கமாகக் கொண்டுள்ளனர்.

தலைக்குமேல் வெயில் ஒளிர்கிறது. படகின் அடிப்பகுதியும் தெரிகிறது. கையில் அரிய குறிப்புகள் உள்ளன. ஆயினும் அவர் விரையாது நிற்கிறார். கண்டதைக் கரை சேர்த்தால்தான் உலகிற்குப் பயன். அதற்குக் கண்டவர் முதலில் நலமாகக் கரை சேர வேண்டும். அந்தச் சிறு காத்திருப்பையும் வீரமென்றே நான் கொள்கிறேன்.