கொம்பு எதுவரை இறங்கியது?

மெடிக்கல் கோடிங் வேலையில், மார்பில் துளைத்த காயம் என்றால் என் திரைக்கு வருவது பெரும்பாலும் அமெரிக்க மருத்துவமனைகளின் தோட்டாவும் கத்தியும்தான். ஆனால் தை பிறந்துவிட்டால் மனசு பெரிய சூரியூர் ஜல்லிக்கட்டு வாடிவாசலுக்குப் போய்விடும். எங்கள் ஊர் திருவெள்ளறையிலிருந்து கொள்ளிடமும் காவிரியும் தாண்டினால் எட்டிவிடும் ஊர்.

காளை குனிந்து குத்தி, குத்திய வேகத்தில் தலையைத் தூக்கும். வெளியே விரல் நுழையும் ஓட்டைதான் தெரியும். உள்ளே கொம்பு மேல்நோக்கி ஏறியிருக்கும். அரசு மருத்துவமனை விபத்துப் பதிவேட்டில் (ஏ.ஆர்.) நீள அகலத்தை எழுதிவிட்டு, 'ஆழம் சோதிக்கவில்லை' என்று விட்டிருப்பார்கள். அது சரியான மருத்துவம். துளைக்குள் கம்பி விட்டுப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிரிந்து மறுபடி ஒழுக ஆரம்பிக்கும். ஆழத்தை ஸ்கேன்தான் சொல்ல வேண்டும். அதைப் பார்த்து டாக்டர் ஒரு வரி எழுத வேண்டும்.

அந்த வரிக்காகத்தான் நாங்கள் காத்திருக்கிறோம். நாங்கள் கோட் போடும் அமெரிக்கக் குறியீட்டுத் தொகுப்பான ஐசிடி-10-சிஎம்மில் மார்பின் திறந்த காயம் எஸ்21. முன்பக்கக் காயம் நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்காவிட்டால் எஸ்21.1, இறங்கியிருந்தால் எஸ்21.3. 'வலது மார்பில் குத்துக்காயம்' என்று மட்டும் எழுதி, அடுத்த பக்கத்தில் நெஞ்சில் டியூப் போட்டு ரத்தம் வடித்ததாக இருந்தால், இறங்கியது யாருக்கும் புரியும். இருந்தாலும் ஊகித்துக் கோட் போட எங்களுக்கு உரிமை கிடையாது. டாக்டருக்குக் க்வெரி அனுப்ப வேண்டும். பதிலை நாமே எடுத்துக் கொடுப்பது போலக் கேட்கவும் கூடாது.

பதில் வந்ததும், நெஞ்சுக்கூட்டில் ரத்தம் தேங்கும் ஹீமோதோராக்ஸுக்கு எஸ்27.1எக்ஸ்எக்ஸ்ஏ முதலில், உயிருக்கு ஆபத்தானதுதான் முன்னால் நிற்கும். பிறகு எஸ்21.331ஏ. கடைசியில் டபிள்யூ55.22எக்ஸ்ஏ, காளை முட்டியதற்கு. நடுவில் வரும் எக்ஸ், ஏழாவது இடம் தவறாமல் இருக்க வைக்கும் நிரப்பு. ஏ என்றால் முதல் நாள் என்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். காயத்துக்கு நேரடிச் சிகிச்சை நடக்கும்வரை, பத்தாம் நாள் ஆபரேஷன் என்றாலும், ஏதான்.

எதையும் ஊகத்துக்கு விடாமல் எழுதியிருப்பதற்காகவே எங்கள் ஊர் ஸ்வஸ்திகக் கிணற்றுக் கல்வெட்டை எனக்குப் பிடிக்கும். தந்திவர்மப் பல்லவனின் நான்காம் ஆட்சியாண்டில் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் முடித்தது, செய்வித்தவர் ஆலம்பாக்கத்து விசைய நல்லூழானின் தம்பி கம்பன் அரையன் என்று எல்லாமே அதில் உண்டு. 1,200 வருஷம் கழித்துப் படிப்பவரும் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. அப்படி ஒரு டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்தால் அன்றைக்கு எழுதியவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

நம் மருத்துவமனைகள் பின்பற்றும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10-இலும் இதே கேள்வி இருக்கிறது. எஸ்27-க்குப் பின்னால் நெஞ்சுக்குள் திறந்த காயம் இல்லையென்றால் 0, இருந்தால் 1 சேர்க்க இடம் உண்டு. டாக்டர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்தப் பக்கம், முன்னாலா பின்னாலா, உள்ளே போனதா என்று எழுதிவிடுங்கள். நெஞ்சைத் துளைத்த கொம்பு வெறும் தோல் காயமாகக் கணக்கில் ஏறினால், அடுத்த தைக்கு எத்தனை டியூப், எத்தனை பை ரத்தம் எடுத்து வைப்பது என்று தீர்மானிப்பவர் கைக்குத் தப்பான எண்தான் போய்ச் சேரும்.