பந்தக்கால் எங்கே நடுவது?

பழைய சிலப்பதிகாரப் பிரதி ஒன்றைத் தூசி தட்டியெடுத்தபோது, அதன் நடுவிலிருந்து சிங்கப்பூரின் ஒரு வெள்ளி நோட்டு நழுவி விழுந்தது. முன்புறத்தில் ஆர்க்கிட் புஷ்பம். பின்புறத்திலோ ராஜாவும் இல்லை, கோபுரமும் இல்லை; குவீன்ஸ்டவுனைச் சேர்ந்த டாங்லின் ஹால்ட்டின் அடுக்கு வீடுகள் வரிசையாக நிற்கின்றன. 1967-இல் தன் முதல் நோட்டுகளை வெளியிட்ட ஒரு தேசம், குமாஸ்தாக்களும் கூலிக்காரர்களும் துணி உலர்த்திக் கொண்டிருந்த கட்டடங்களைப் பணத்தின் முதுகிலே அச்சடித்துப் பெருமைப்பட்டுக் கொண்டதை நினைத்து நான் வெகுநேரம் அந்தக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் கொண்டிருந்தேன்.

சீனக் குடியானவர்கள் 'வாலில்லாத ஆறு' என்று பெயரிட்டு வாழ்ந்திருந்த ஒரு பள்ளத்தாக்கிலும் அதன் சுற்றுப்புறத்திலும், வெள்ளைக்காரர் காலத்துச் சிங்கப்பூர் அபிவிருத்தி டிரஸ்ட் 1952-இல் வேலை தொடங்கி, மறு வருஷம் பட்டாபிஷேகம் கண்ட எலிசபெத் மகாராணியின் ஞாபகார்த்தமாக அங்கே எழுந்த நகருக்குக் குவீன்ஸ்டவுன் என்று பெயர் சூட்டியது. ஜனங்கள் மகாராணியைச் சட்டை செய்ததாகத் தெரியவில்லை. 1956-இல் எழும்பிய ஃபோர்ஃபார் ஹவுஸை அவர்கள் 'சாப் சி லாவ்' என்றார்கள். ஹொக்கியன் மொழியில் 'பதினாலு மாடி' என்பதற்குமேல் அதற்கு அர்த்தமில்லை. டாங்லின் ஹால்ட்டின் பத்து மாடிக் கட்டடங்கள் 'சாப் லாவ் சூ' ஆயின. அண்ணாந்து பார்த்து எண்ணத் தெரிந்தவனுக்கு விலாசம் தெரிந்துவிட்டது!

நம் புலவர்களும் மாடிகளை எண்ணியவர்களே. ஏழு நிலை மாடம் என்றால் அவர்களுக்கு ஐசுவரியத்தின் எல்லை. சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் கோவலனையும் கண்ணகியையும் எடுத்த எடுப்பில் அடித்தளத்திலும் அமர்த்தவில்லை, உச்சியிலும் ஏற்றவில்லை. நெடிய மாடத்தின் இடைநிலையிலே இருத்தி, சாளரத்தின் வழியே தென்றலை வரவழைக்கிறார். லிப்ட் இல்லாத காலத்தில் நடு மாடியைத் தேர்ந்த அந்தத் துறவியின் லௌகிக ஞானத்தை எந்த உரையாசிரியரும் போதுமான அளவு மெச்சவில்லை என்பது என் நெடுநாள் குறை. அந்த மாடம் கோவலனின் தகப்பனார் மாசாத்துவானுடைய குடும்பத்துக்கு உரியது. இங்கேயோ, 1960-இல் பொறுப்பேற்ற வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஐந்தாண்டுகளுக்குள் ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி, 1964-இல் குவீன்ஸ்டவுனில் வீடுகளை விற்கவும் தொடங்கி, ரயில்வேயில் உத்தியோகம் பார்த்த என் பெரியப்பாவைப் பத்தாவது மாடிக்கு எஜமானராக்கிவிட்டது.

அவருடைய கடிதத்தை நான்தான் பாட்டிக்கு வாசித்துக் காட்டினேன். குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது என்பதை அவள் மறுபேச்சின்றி ஏற்றுக் கொண்டாள். தலைக்குமேல் யாரும் குடியில்லை என்றதும் திருப்தியே அடைந்தாள். அந்நியன் அடுப்புக்குக் கீழே நம்முடைய சுவாமி விளக்கு எரிவதை அவளால் சகிக்க முடிந்திராது. பிறகு வெற்றிலையை மென்றபடி, "எல்லாம் சரிடா, வீட்டுல ஒரு கல்யாணம் வந்தா பந்தக்கால் எங்கே நடுவான்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அப்படியே எழுதி அனுப்பினேன். பெரியப்பா அடுத்த கடிதத்தில் மழையைப் பற்றி எழுதினார். பாட்டிக்குப் புடவை வாங்கிக்கொள்ளப் பணமும் அனுப்பினார். பந்தக்கால் விஷயத்தை மட்டும் அவர் கடைசிவரையில் தொடவே இல்லை.

கழகத்துப் பொறியாளர்களுக்கு என் பாட்டியைத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆயினும் 1970-களில் அவர்கள் கட்டிய கட்டடங்களின் தரைத்தளத்தைத் தூண்களோடு மட்டும் வெறுமையாக விட்டுவைத்தார்கள்; மலாய்க்காரர் கல்யாணமும் சீனர் சாவும் அங்கேதான் நடந்தன.

சில வருஷங்களுக்கு முன், ரயில்வேத் தொழிலாளர்கள் 1932-இல் வைத்து வணங்கத் தொடங்கி இப்போது காமன்வெல்த் டிரைவில் கோயில் கொண்டிருக்கும் முனீஸ்வரரைத் தரிசித்துவிட்டு நடந்து வருகையில், அப்படியொரு தரைத்தளத்தில் நம்மவர் வீட்டுக் கல்யாணக் களை தெரிந்தது. மாவிலைத் தோரணமும் வாழைமரமும் கண்டு அழையாமலே உள்ளே நுழைந்து, தூண்களுக்கிடையே தேடினேன்.

மஞ்சள் பூசிய மூங்கில் ஒன்றை, மணல் நிரப்பிய பெயின்ட் வாளியில் நட்டிருந்தார்கள்.