பெங்களூர் போனோம், மனசைப் பார்க்க!

பெங்களூர் என்றதும் நம்மில் பலருக்கு லால்பாக் மலர்க் கண்காட்சியும், மைசூர் சில்க் புடவையும், சிக்பேட்டைக் கடைகளும்தான் ஞாபகத்துக்கு வரும். ஓசூர் ரோட்டில் இருக்கும் 'நிம்ஹான்ஸ்' ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னால் மட்டும் குரல் தானாகத் தணிந்துவிடும். "அங்கேயா? யாருக்கு? என்ன ஆச்சு?" என்று காதோடு காதாகக் கேட்பார்கள். போன வருஷம் தம்பியோடு மூன்று வாரம் அந்த ஊரில் தங்கி அங்கே போய் வந்தேன். குரலைத் தணிக்காமலே சொல்லக்கூடிய விஷயம்தான் அது.

தம்பிக்கு நாற்பது வயது. சேலத்தில் ஆடிட்டர். சொந்த ஆபீஸ், பன்னிரண்டு பேருக்குச் சம்பளம், மாடி வீடு, கார், தங்கமான மனைவி, இரண்டு குழந்தைகள். "அவனுக்கென்ன, ராஜா!" என்பார்கள் உறவுக்காரர்கள். அந்த ராஜா ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருப்பது அவன் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். நெஞ்சு படபடக்கும், கை வியர்க்கும், மூச்சு முட்டும், 'இதோ போகப்போகிறேன்' என்று தோன்றும். ஒரே வருஷத்தில் மூன்று முறை இருதய டாக்டரிடம் ஓடினார்கள். இ.சி.ஜி., எக்கோ, தைராய்டு எல்லாம் சரியாக இருந்தன. கார் ஓட்டுவதை நிறுத்தினான். வெளியூர் வேலைகளை ஒவ்வொன்றாக விட்டான். ஆபீஸையே வேறு ஒருவரிடம் ஒப்படைத்துவிடுகிறேன் என்று அவன் சொன்னபோதுதான் குடும்பம் விழித்துக்கொண்டது.

குடும்ப டாக்டர், "இது பதற்ற நோய். இதுக்கு வைத்தியம் இருக்கு" என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். சேலத்திலேயே மனநல டாக்டர்கள் உண்டு. ஆனால் தம்பி, "யாராவது பார்த்துட்டா என்கிட்ட கணக்கு கொடுப்பாங்களா அக்கா?" என்றான். குழந்தைகளுக்குப் பரீட்சை நேரம், அவர்கள் அம்மா நகர முடியாது. ஆகவே நான் கிளம்பினேன்.

தொப்பூர் கணவாய்

சேலத்திலிருந்து பெங்களூர் ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். தர்மபுரிக்கு முன்னால் தொப்பூர் கணவாய் வரும். லாரிகள் முனகிக்கொண்டு இறங்கும் அந்த வளைவுகளில் தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டான். கிருஷ்ணகிரி மாந்தோப்புகள், ஓசூர், எல்லையில் அத்திப்பள்ளி, பிறகு எலெக்ட்ரானிக் சிட்டியின் கண்ணாடிக் கட்டடங்கள். சில்க் போர்டு நெரிசலில் இறங்கி ஆட்டோ பிடித்தோம்.

வாசலைத் தாண்டியதும் முதலில் கண்ணில் படுவது மரங்கள்தான். 1925-ல் மைசூர் சமஸ்தானத்தின் மனநல மருத்துவமனையாகப் பெயர் பெற்றது இது. 1954-ல் இங்கே அகில இந்திய மனநல நிலையம் தொடங்கியது. 1974-ல் இரண்டும் ஒன்றாகி நிம்ஹான்ஸ் ஆயிற்று. 2012-ல் சட்டப்படி தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கினார்கள். மனசோடு மூளை, நரம்பு வியாதிகளுக்கும் வைத்தியம் உண்டு.

காலையிலேயே நல்ல வரிசை. கன்னடம், தமிழ், தெலுங்கு, இந்தி, வங்காளம் என்று எல்லா பாஷையும் காதில் விழுகிறது. தலையைக் குனிந்தே நின்ற தம்பி ஒரு மணி நேரம் கழித்து மெதுவாக நிமிர்ந்தான். எங்களுக்கு முன்னால் காலேஜ் வாத்தியார் ஒருவர். பக்கத்தில் கழுத்தில் கம்பெனி அட்டையோடு ஒரு பெண். "எல்லாரும் என்னை மாதிரியே இருக்காங்கக்கா" என்றான். பாதி வைத்தியம் அந்த வரிசையிலேயே நடந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

கேள்வி மாறியது

முதலில் ஒரு டாக்டர் பார்த்தார். இன்னொரு நாள் வரச் சொல்லி விவரமாகக் கேட்டுக்கொண்டார்கள். தூக்கம், சாப்பாடு, காபி எத்தனை டம்ளர் என்பது வரை கேட்டார்கள். 'உனக்கென்ன குறைச்சல்?' என்று மட்டும் யாரும் கேட்கவில்லை! அந்தக் கேள்விதான் இத்தனை வருஷம் அவன் வாயை அடைத்திருந்தது. குறை இருந்தால் தானே சொல்வான்? ஒன்றும் குறையில்லாமல் பயம் வந்தால் என்னவென்று சொல்வது?

பிறகு உளவியல் நிபுணர் அம்மா ஒருவரிடம் வாரம் இரண்டு நாள். 1960-களில் அமெரிக்க டாக்டர் ஆரன் பெக் வகுத்த முறையிலிருந்து வளர்ந்த சிகிச்சை அது. நினைப்பு, பயம், நடத்தை மூன்றும் எப்படி ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன என்று பார்த்து மாற்றுவது. அவர் எனக்கும் புரியும்படி சொன்னார்:

"இவருக்கு ஒரு நம்பிக்கை. 'நான் பயந்து மூணு தடவை சரிபார்த்ததாலதான் கணக்கில் தப்பு வரலை'ன்னு. ஒவ்வொரு வெற்றிக்கும் பயத்துக்கே மாலை போடறார். பயப்படாம செஞ்சு பார்த்ததே இல்லை. அதனால பயம் வளர்ந்துக்கிட்டே போகுது."

நெஞ்சுப் படபடப்பும் அப்படித்தானாம். படபடப்பு ஆபத்தில்லை. அதை ஆபத்தென்று நினைத்ததும் உடம்பு இன்னும் உஷாராகிறது, இதயம் இன்னும் வேகமாக அடிக்கிறது. உடனே நாடி பார்ப்பதும், ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அந்த நேரத்துக்கு நிம்மதி தந்து பயத்தை நிலைக்க வைத்துவிடுகின்றன.

அதனால் பள்ளிக்கூடம் போல வீட்டுப்பாடம் கொடுத்தார். ஒரு நோட்டில் மூன்று கட்டம்: என்ன நடந்தது, என்ன நினைத்தேன், வேறு எப்படி நினைக்கலாம். மாலையில் கால் மணி 'கவலை நேரம்'. மற்ற நேரத்தில் வரும் கவலையை எழுதி வைத்து அப்போதுதான் எடுக்க வேண்டும். ஆபீஸ் ஃபைலை ஒரே தடவை பார்த்து அனுப்ப வேண்டும். டாக்டர் கொடுத்த மாத்திரை வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், நாமாக நிறுத்தக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள்.

லால்பாக் பாறை

லால்பாக்குக்குப் போனதும் வீட்டுப்பாடத்துக்குத்தான்! ஹைதர் அலி 1760-ல் ஆரம்பித்த அந்தத் தோட்டத்தில் கெம்பேகௌடர் கோபுரம் நிற்கும் பாறை ஒன்று இருக்கிறது. சுமார் முந்நூறு கோடி வருஷப் பாறையாம். "அதில் வேகமா ஏறுங்க. நெஞ்சு அடிக்கட்டும். நாடியைத் தொடாதீங்க" என்பது கட்டளை.

தம்பி ஏறினான். பாதியில் நின்றான். முகம் வெளுத்து, வலது கை இடது மணிக்கட்டை நோக்கிப் போயிற்று. எனக்கு ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. சமாதானம் சொல்லவும் கூடாது, அவனே தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கும் உத்தரவு. புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றேன். கை பாதி வழியில் நின்று, கீழே இறங்கியது. ஐந்து நிமிஷமோ, பத்தோ, மூச்சு தானாக அடங்கியது. "அடிச்சுது, நின்னுடுச்சு. அவ்வளவுதான்க்கா" என்றான். மேலே ஏறி ஊரைப் பார்த்துவிட்டு, வெள்ளரிக்காய் வாங்கித் தின்றுகொண்டே இறங்கினோம். மறுநாளும் அதற்கு மறுநாளும் ஏறினான்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பும்போது தொப்பூரில் கண்ணைத் திறந்தே உட்கார்ந்திருந்தான். மீதிச் சிகிச்சையை, ஆச்சரியம், சேலத்திலேயே எடுத்துக்கொண்டான். பார்த்தால் பார்க்கட்டும் என்று! மொத்தம் பதினான்கு முறை. படபடப்பு அடியோடு போய்விட்டதா என்றால் இல்லை. செப்டம்பர் மாதத் தணிக்கைக் கெடு வந்தால் இன்றும் எட்டிப் பார்க்கிறது. ஆனால் ஆபீஸ் இருக்கிறது, காரும் ஓடுகிறது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள்:

* நெஞ்சுவலி, படபடப்பு வந்தால் முதலில் இருதயம், தைராய்டு பரிசோதனை அவசியம். அவை சரியென்று டாக்டர் சொன்ன பிறகு அதையே திரும்பத் திரும்பச் செய்ய வேண்டாம்.

* பழைய ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு, அடையாள அட்டையோடு காலையில் சீக்கிரம் போய்விடுங்கள். முதல் நாளே எல்லாம் முடியாது. தங்குவதற்குத் திட்டமிட்டுப் போங்கள்.

* பெங்களூர்தான் போக வேண்டும் என்பதில்லை. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. நம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் மனநலப் பிரிவு உண்டு. 2022-ல் மத்திய அரசு தொடங்கிய 'டெலி மானஸ்' 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக, தமிழிலும் பேசலாம்.

* வீட்டில் நன்றாகச் சம்பாதிக்கிற ஒருவர் ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருந்தால், 'உங்களுக்கென்ன குறைச்சல்?' என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, 'எத்தனை நாளா இப்படி இருக்கு?' என்று கேளுங்கள். பதில் வரும்.